மொரிஷியஸ் பயணமா? பெட்டியைப் பூட்டும் முன் கொஞ்சம் கேளுங்க

(மயிலாப்பூரில் மூத்த குடிமக்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடிய ஒரு மாலைச் சந்திப்பில், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மூன்று பெட்டி ஏற்றினோம். இறங்கிய இடத்தில் இரண்டுதான் வந்தது. வழியில் ஒரு ஊரில் விமானம் மாறினோம் அல்லவா, அங்கேயே மூன்றாவது பெட்டி தங்கிவிட்டது. அதில்தான் என் மாமியாருடைய பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் இருந்தன. அவருக்கு வயது 78. கையில் இருந்தது அன்று ராத்திரி வேளைக்கு மட்டும், அதுவும் அவர் புடவை முந்தானையில் முடிந்து வைத்திருந்ததால்.

"மொரிஷியஸ் போய்ட்டு வந்தீங்களே டீச்சர், அதைப் பத்திப் பேசுங்க" என்று என்னை இங்கே கூப்பிட்டார்கள். கடலைப் பற்றியும் படகைப் பற்றியும் நீங்கள் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். நான் பேசப்போவது பெட்டியைப் பற்றி. எதை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது, எது எந்தப் பையில் இருக்க வேண்டும். அடுத்த விடுமுறைக்கு டிக்கெட் போட்டவர்கள் இங்கேயே நாலைந்து பேர் இருக்கீங்க, எனக்குத் தெரியும்.

முதலில் அது என்ன மாதிரி ஊர் என்று தெரிந்தால்தான் என்ன துணி எடுக்கணும் என்று தெரியும். பழைய வாத்தியாரம்மா, ரெண்டு நிமிஷம் பாடம் எடுக்காமல் விடமாட்டேன்.

மொரிஷியஸ் ஒரு எரிமலைத் தீவு. கடலடியில் இருந்து நெருப்புக் குழம்பு பொங்கிப் பொங்கி எழும்பிய நிலம். பக்கத்தில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவும் அப்படியே. இரண்டையும் பெற்றது பூமிக்குள் இருக்கும் ஒரே அடுப்பு. அதே அடுப்புதான் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நம்முடைய தக்காணப் பீடபூமியின் கருங்கல் அடுக்குகளைக் கொட்டியது. இந்தியா வடக்கே நகர்ந்துகொண்டே வர, அடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. வழியில் லட்சத்தீவு, மாலத்தீவுகளுக்கு அடியில் இருக்கும் மலைத்தொடர், அப்புறம் மொரிஷியஸ், கடைசியாக ரீயூனியன். மொரிஷியஸில் இப்போது எரிமலை தூங்குகிறது. கியூர்பிப் நகரத்துக்கு நடுவிலேயே ஒரு பழைய எரிமலை வாய் இருக்கிறது, திரு ஓ செர்ஃப் என்று பெயர். சுற்றிலும் மரம், உள்ளே கொஞ்சம் தண்ணீர், சுற்றி வாக்கிங் போகிறார்கள், நம்ம நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கிற மாதிரி. ரீயூனியனில் பித்தோன் த லா ஃபூர்னேஸ் இன்னும் அடிக்கடி வெடிக்கிறது. உலகத்திலேயே ரொம்பச் சுறுசுறுப்பான எரிமலைகளில் அது ஒன்று.

நம் சென்னையில் எரிமலைப் பாறை கிடையாது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் இருப்பது சார்னோகைட். வயதில் கணக்கு போட்டால் மொரிஷியஸ் நேற்று பிறந்த குழந்தை. சரி, பாடம் முடிந்தது.

இதில் பெட்டி கட்டுபவருக்கு வேண்டியது மூன்று விஷயம். அந்த நிலம் கரடுமுரடான கருங்கல். தீவின் நடுப்பகுதி உயரமானது, அதனால் குளிரும், தூறும். கடலுக்கு நடுவில் இருப்பதால் காற்று ஓயாது.

இன்னொன்றையும் நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். மொரிஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, 20 டிகிரியில் இருக்கிறது. பருவம் தலைகீழ். நமக்குக் கத்திரி முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது அங்கே குளிர்காலம் ஆரம்பம். மே முதல் அக்டோபர் வரை குளிர்ந்த, வறண்ட காலம். நவம்பர் தொடங்கி கோடையும் புயலும். கோடையில் சராசரி வெப்பம் 24.7 டிகிரி, குளிர்காலத்தில் 20.4 என்று அந்நாட்டு வானிலைத் துறை சொல்கிறது. நம்ம ஊரில் மார்கழி விடியற்காலையில்தான் 20 டிகிரியைப் பார்க்கிறோம், அப்போதே மஃப்ளர் கட்டிக்கொள்கிறோம்.

நாங்கள் போனது ஆகஸ்ட்டில். பெட்டி கட்டும்போது என் மாமியார் ஒரு கம்பளிக் குல்லாவை எடுத்து வைத்தார். வீடே சிரித்தது. "அத்தை, தீவுக்குப் போறோம், பத்ரிநாத்துக்கு இல்ல" என்றேன் நான். புவியியல் டீச்சர்! கியூர்பிப்பில் சாயங்காலம் தூறலும் காற்றும் சேர்ந்து அடித்தபோது, அந்தக் குல்லாவை என் கணவர் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு வந்த பிறகு எல்லாரிடமும் சொன்னார்.

காற்றுக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தில் வியாபாரக் காற்று என்று படித்திருப்பீர்கள். தென்கிழக்கில் இருந்து ஆண்டின் பெரும்பகுதி வீசுகிற காற்று. ஜூலை, ஆகஸ்ட்டில் இன்னும் பலம். தீவின் கிழக்குக் கரையிலும் தெற்கிலும் நேராக முகத்தில் அறையும். மேற்கேயும் வடமேற்கேயும், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், கிராண்ட் பே பக்கம், மலை மறைப்பதால் அடக்கமாக இருக்கும். தங்கும் இடம் எந்தக் கரையில் என்று பார்த்துவிட்டுத்தான் துணி எடுத்து வைக்கணும். தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் மலையடியில், காற்றாடியைப் பிடித்துக்கொண்டு பலகை மேல் நின்று கடலில் பாய்கிறார்கள். அவர்களுக்குக் கொண்டாட்டம். முந்தானைக்குத் திண்டாட்டம்.

"ஏம்மா, நம்ம பெசன்ட் நகர் பீச்சுல வீசாத காத்தா?" என்று மாமியார் கேட்டார். வித்தியாசம் இருக்கிறது. நம்ம கடற்காற்று மதியத்துக்கு மேல் கிளம்பும், ராத்திரி அடங்கிவிடும். அங்கே சில நாள் ராத்திரி பகல் கிடையாது. அதனால் குடை வேண்டாம். வீட்டிலேயே வையுங்கள். நாங்கள் எடுத்துப்போன மடக்குக் குடை முதல் நாளே பூவாக விரிந்து போனது. அதற்குப் பதில் தலைமூடி வைத்த விண்ட்சீட்டர் ஆளுக்கு ஒன்று. மழைக்கும் அதுவே, காற்றுக்கும் அதுவே. தி. நகரில் ரங்கநாதன் தெருவிலும் கிடைக்கும், விலை உயர்ந்த கடைகளிலும் கிடைக்கும். தையல் ஓரத்தில் தண்ணீர் கசியாததா என்று மட்டும் பாருங்கள். உள்ளே போட ஒரு மெல்லிய ஸ்வெட்டர். கனமான ஒன்றைவிட மெல்லியது இரண்டு நல்லது, போட்டுக் கழற்றலாம்.

புடவை கட்டுபவர்கள் சேஃப்டி பின் ஒரு அட்டை முழுசாக எடுத்துக்கோங்க. கோயிலுக்குப் புடவை, ஊர் சுற்ற சல்வார் என்று பிரித்துக்கொண்டால் நிம்மதி. கோயில்கள் நிறைய. போர்ட் லூயிஸில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, கைலாசம் கோயில் என்றும் சொல்கிறார்கள். தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை.

தொப்பி. இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏன் என்றால் என் வீட்டுக்காரரின் தொப்பி இப்போது இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. பாண்டி பஜார் நடைபாதையில் ஆசையாக வாங்கியது. படகு கிளம்பிய மூணாவது நிமிஷம் போய்விட்டது. போனது தொப்பி மட்டும் இல்லை. அன்று முழுக்கப் படகில் வெறும் தலை. காற்று ஜில்லென்று இருந்ததால் வெயிலே தெரியவில்லை. "என்ன சுகமான வெயில்" என்றுகூடச் சொன்னார். ராத்திரி நெற்றி, மூக்கு, பின்கழுத்து, காது மடல் எல்லாம் காந்தல். தோல் உரிய நாலு நாள் ஆனது.

"நாம மெட்ராஸ்காரங்க, பார்க்காத வெயிலா" என்று நினைக்கிறோம். ஆனால் நம் வெயில் சொல்லிவிட்டு அடிக்கும். வியர்க்கும், எரியும், நாமே நிழலுக்கு ஓடிவிடுவோம். காற்றுள்ள தீவில் உடம்பு குளிர்ந்துகொண்டே இருப்பதால் அந்த எச்சரிக்கை வராது. சூட்டை உணர்வது வேறு, புற ஊதாக் கதிர் தோலைச் சுடுவது வேறு. தண்ணீரும் வெள்ளை மணலும் அதைத் திருப்பி அடிக்கின்றன. கறுத்த தோலுக்கும் இது உண்டு. நமக்குச் சிவப்பது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே, அகல விளிம்புத் தொப்பி, தாடைக்குக் கீழே கட்ட நாடாவோடு. நாடா இல்லாத தொப்பியா, மாட வீதியில் ஒரு முழம் நாடா வாங்கி நீங்களே தைத்துவிடுங்கள். எஸ்பிஎஃப் 30க்கு மேல் சன்ஸ்கிரீன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணீரில் இறங்கி ஏறினால் உடனே மறுபடியும். பொட்டு வைக்கிற மாதிரி கொஞ்சமாகத் தொட்டுப் பூசினால் பயன் இல்லை. பவளப்பாறைக்குக் கெடுதல் குறைவு என்று ஜிங்க் ஆக்சைடு வகையைச் சொல்கிறார்கள், முகம் வெள்ளையாகத் தெரியும், பரவாயில்லை. முழுக்கைப் பருத்திச் சட்டை எல்லாவற்றையும்விட மேல். இன்னொன்று, சில பிரஷர் மாத்திரைகள், குறிப்பாக ஹைட்ரோகுளோரோதையஸைடு கலந்தவை, அப்புறம் டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக், இவை வெயிலில் தோலைச் சீக்கிரம் பாதிக்கச் செய்யும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

காலுக்கு? எரிமலைக் கல் தேய்ந்த கல் இல்லை. ஓட்டை ஓட்டையாக, அரிவாள்மணை மாதிரி விளிம்போடு இருக்கும். மொரிஷியஸ் கடற்கரை மணல் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது பவளத்தில் இருந்து வந்த மணல். தண்ணீருக்குள் நாலடி வைத்தால் பவளத்துண்டும் கடல் முள்ளெலியும் இருக்கும். கல்மீன் என்று ஒன்று, கல் மாதிரியே படுத்திருக்கும், முதுகு முள்ளில் கடுமையான விஷம். எனவே தண்ணீரில் இறங்க ரப்பர் அடி வைத்த நீர்ச் செருப்பு கண்டிப்பாக வேண்டும். நடக்க, பழகிய ஷூ. புது ஷூவைப் பயணத்துக்கென்று வாங்கி அங்கே போய்ப் பழகாதீர்கள். அந்தக் கொப்புளக் கதை என்னுடையது, அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது அந்த மூன்றாவது பெட்டி.

மறுநாள் காலை மருந்துக்கடைக்குப் போனோம். என் கைபேசியில் மாத்திரை அட்டையின் படம் இருந்தது. அவசரத்தில் எடுத்தது, கால்வாசி எழுத்து விரலுக்கு அடியில். கம்பெனிப் பெயர் மட்டும் தெரிந்தது. கடையில் இருந்த பெண் பார்த்துவிட்டு, இந்தப் பெயரில் இங்கே மருந்து இல்லை என்றார். நம் நாட்டு பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் வேண்டும், எத்தனை மில்லிகிராம் என்று வேண்டும், டாக்டர் சீட்டு வேண்டும். மந்தைவெளியில் எங்கள் குடும்ப டாக்டருக்கு ஃபோன் போட்டோம். அங்கே காலை 9 மணி என்றால் நமக்கு 10:30, நல்லவேளை, கிளினிக்கில் இருந்தார். டெல்மிசார்டன், மெட்ஃபார்மின் என்று அளவோடு எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதை அச்செடுத்துக் கொடுத்த பிறகு மருந்து கிடைத்தது. நடுவில் போனது அரை நாள். அந்த அரை நாளும் மாமியார் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் உதடு உலர்ந்து போயிருந்தது, என் கையை விடவே இல்லை. பெட்டி ரெண்டு நாள் கழித்து வந்தது. வந்த பெட்டியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் சொல்கிறேன். மருந்து முழுவதும் கைப்பையில். பயண நாளைவிட ஒரு வாரத்துக்கு அதிகமாக. முடிந்தால் ரெண்டு பேர் கைப்பையில் பாதிப் பாதி. அட்டையை வெட்டிச் சின்னதாக்காமல், பெயரும் காலாவதித் தேதியும் தெரிகிற மாதிரி. டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் மூலப் பெயரோடு, தாளில் ஒன்று, கைபேசியில் ஒன்று. மொரிஷியஸ் போதைப்பொருள் விஷயத்தில் ரொம்பக் கறார். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை, சில தூக்க மாத்திரைகள் இவையெல்லாம் அங்கே கட்டுப்பாட்டில் இருப்பவை. சீட்டு இல்லாமல் எடுத்துப்போகாதீர்கள், சிலவற்றுக்கு முன் அனுமதியும் வேண்டும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரையைப் பையில் போடாதீர்கள்.

கைப்பையில் வேறு என்ன? ஒரு மாற்றுத் துணி, கடவுச்சீட்டு, பணம், கண்ணாடி, பவர்பேங்க். பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்கணும், ஏற்றுகிற பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்ஹவர் வரை பிரச்சினை இல்லை. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் ஏறக்குறைய 74 வாட்ஹவர், சரியாகிவிடும். எழுத்து அழிந்துபோன பழைய பவர்பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். தைலம், எண்ணெய், க்ரீம் எல்லாம் 100 மில்லிக்குள் இருந்தால்தான் கையில். ஊறுகாய், மிளகாய்ப்பொடி ஏற்றுகிற பெட்டிக்கு. கொப்பரை எந்தப் பெட்டிக்கும் வேண்டாம், எளிதில் தீப்பற்றும் என்று தடுக்கிறார்கள்.

மொரிஷியஸ் சார்ஜர் துளை நம்மைப் போல் இல்லை. சதுர மூணு முள், இங்கிலாந்து மாதிரி. ஒரு அடாப்டர் வாங்கிக்கோங்க. சென்னையில் ரிச்சி தெருவில் விசாரித்தால் மலிவு, விமான நிலையத்தில் வாங்கினால் அழுகை வரும்.

சொந்தக்காரர்களுக்கென்று கறிவேப்பிலை, வாழையிலை, முருங்கைக்காய், மாட வீதி மல்லிகைச் சரம், துளசிச் செடி என்று கட்ட நினைப்பவர்கள் இருக்கிறீர்கள். வேண்டாம். செடி, பழம், பூ, விதை, மண் எதற்கும் அங்கே முன் அனுமதி வேண்டும். கரும்பை நம்பி வளர்ந்த தீவு. வெளிநாட்டுப் பூச்சி ஒன்று நுழைந்தால் அவர்களுக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. பிளாஸ்டிக் பையும் 2016 முதல் அங்கே தடை. இதற்கு நம்மிடம் நல்ல மாற்று இருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியதே, அந்தப் பையில் நாலு மடித்து வைத்துக்கொண்டு போனோம். ஈரத்துணிக்கு ஒன்று, அழுக்குத் துணிக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. போர்ட் லூயிஸ் சந்தையில் காய்கறி விற்ற அம்மா, பையில் இருந்த தமிழ் எழுத்தைத் தடவிப் பார்த்தார். படிக்கத் தெரியாது அவருக்கு. ஆனால் தமிழ் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்றால், அவர்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998இல் புது நோட்டில் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே போட்டபோது அங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், அரசு அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றது. மாமியார் அந்தப் பையை அங்கேயே கொடுத்துவிட்டார்.

அடுத்து காகிதங்கள். பெட்டியில் கடைசியாக வைப்பது, ஆனால் முதலில் பார்க்க வேண்டியது. டிக்கெட் போடுவதற்கு முன்பே கடவுச்சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். திரும்பி வரும் நாளைக்கு மேல் ஆறு மாதமாவது இருப்பது பாதுகாப்பு. அடையாறில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பிள்ளைகளுக்கு விண்ட்சீட்டர் முதல் கொசு மருந்து வரை வாங்கிவிட்டார்கள், அப்பாவின் கடவுச்சீட்டு முடியப்போவதைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால்தான் பார்த்தார்கள். தட்கல் முறை இருக்கிறது, கூடுதல் கட்டணம், கூடுதல் படபடப்பு. குழந்தைகளின் கடவுச்சீட்டு ஐந்து வருஷத்தில் முடிவது, அதையும் பாருங்கள்.

விண்ணப்பத்தை எம்பாஸ்போர்ட் சேவா செயலியில் கைபேசியிலேயே நிரப்பலாம். நேரம் குறித்துக்கொண்டு சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் சேவை மையங்களில் ஒன்றுக்குப் போகலாம். தேடும்போது கவனம். அரசு தளத்தின் முகவரி கவ் டாட் இன் என்று முடியும். அதே நிறம், அதே சின்னம் வைத்துக்கொண்டு வேறு முடிவோடு வருகிற தளங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு ஒன்றுமே செய்யாது.

நம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு தலைவலி, இனிஷியல். ஆதாரில் 'எஸ். லட்சுமி', கடவுச்சீட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் இடத்தில், டிக்கெட்டில் மகன் அவசரத்தில் போட்ட கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாது. டிக்கெட்டில் கடவுச்சீட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து. வழியில் வேறு நாட்டில் இறங்கிச் சுற்றிப்பார்க்கிற எண்ணம் இருந்தால், குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும் கடவுச்சீட்டை அந்த நாடு ஏற்குமா என்று முன்னாலேயே கேட்டுக்கோங்க.

மொரிஷியஸுக்குச் சுற்றுலா போகிற இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா வாங்கத் தேவையில்லை. ஆனால் திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று கேட்பார்கள். பயணப் படிவத்தை ஆன்லைனில் நிரப்பிக் கொண்டுபோகணும். ரீயூனியன் வேறு கணக்கு. பிரான்ஸ் நிலம்தான், ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் வராது. ஐரோப்பா போக வாங்கிய விசாவைக் காட்டி உள்ளே போய்விடலாம் என்று நினைக்காதீர்கள்.

கார் எடுத்து ஓட்ட நினைப்பவர்களுக்கு, அங்கேயும் இடது பக்கம்தான், நமக்கு வசதி. சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்குப் பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கலாம். ஒரு வருஷம் செல்லும். ஊர் உரிமத்தையும் சேர்த்து எடுத்துக்கோங்க.

டிஜிலாக்கரில் ஆதாரும் உரிமமும் இருப்பது நம் ஊருக்கு அருமை. எல்லை தாண்டினால் கடவுச்சீட்டு கையில், காகிதமாக இருக்கணும். கைபேசி இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அதற்குள் வைத்துவிட்டால், காற்றும் உப்புத் தண்ணீரும் இருக்கும் இடத்தில் அது ஒரு நொடியில் போய்விடும். கழுத்தில் மாட்டும் நீர்புகா உறை ஒன்று வாங்குங்கள், முதலில் வீட்டு பக்கெட்டில் ஒரு காகிதத்தை உள்ளே வைத்து முக்கிப் பாருங்கள். கடவுச்சீட்டின் முதல், கடைசிப் பக்க நகல் ஒவ்வொருவர் பையிலும் ஒன்று. போர்ட் லூயிஸில் உள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அங்கே ஆம்புலன்ஸுக்கு 114.

பணத்துக்கு, 2024 பிப்ரவரி 12 முதல் மொரிஷியஸில் நம் யுபிஐ நடக்கிறது. செயலியில் சர்வதேசப் பரிவர்த்தனையை இயக்கி வைத்திருக்கணும், அதைச் சென்னையிலேயே செய்துவிடுங்கள். எல்லாக் கடையிலும் இருக்காது, தெருவோர தால்பூரிக்காரரிடம் ரொக்கம்தான். வங்கி ஓடிபி வர நம் சிம்முக்கு ரோமிங் வேண்டும். சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளூர் சிம் போட்டவர்களுக்கு ஓடிபி வராமல் கார்டு முடங்கிய கதை உண்டு.

நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது புயல் காலம். அவர்கள் எச்சரிக்கையை ஒன்று முதல் நான்கு வரை வகுப்பாகச் சொல்வார்கள். மிச்சாங் நம்மை முக்கி எடுத்து ஒன்றரை மாதத்துக்குள், 2024 ஜனவரியில், பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. அந்த மாதங்களில் போனால் பயணக் காப்பீடு, ஒரு டார்ச், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்.

ரீயூனியன் எரிமலையைப் பார்க்கப் போகும் தைரியசாலிகள் யாராவது? பார்வை மேடை 2,300 மீட்டருக்கு மேல். நம்ம ஊட்டி உயரம். கடற்கரையில் அரைக்கைச் சட்டையில் கிளம்பி அங்கே போய் நடுங்குகிறார்கள். நனைந்த பருத்தித் துணி உடம்பில் ஒட்டிக் குளிரை இழுக்கும், அங்கே சீக்கிரம் உலரும் துணிதான். தண்ணீர் தூக்கிக்கொண்டு போகணும், எரிமலை மேல் குழாய் கிடையாது. சரி, வெளிநாடு எல்லாம் வேண்டாம், இந்தியாவிலேயே எரிமலை பார்க்கிறேன் என்றால் அந்தமானில் பேரன் தீவு இருக்கிறது. நாட்டின் ஒரே உயிருள்ள எரிமலை. கப்பலில் இருந்து பார்க்கலாம், இறங்க விடமாட்டார்கள்.

திரும்பும்போது ஷூ அடியில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிடுங்கள். பவளத்துண்டு, சங்கு பொறுக்கி வராதீர்கள், அங்கேயும் கேள்வி, இங்கே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்திலும் பவளம் வருகிறது. ஆப்பிரிக்காவில் சில நாடுகள் வழியாகப் பயணம் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஆப்ரவாசி காட் என்று பழைய கல்படிகள் இருக்கின்றன. 1834 முதல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனவர்கள் ஏறி வந்த படி. நம் சென்னைத் துறைமுகத்தில் இருந்தும் கப்பல் போயிருக்கிறது. உங்கள் குடும்பத்தில் அப்படிப் போனவர் யாராவது உண்டு என்று பேச்சு இருந்தால், பெயர், அப்பா பெயர், ஊர், ஏறக்குறைய வருஷம் இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் பதிவேடுகள் இருக்கின்றன. என் மாமியார் அந்தப் படியில் உட்கார்ந்து, "இவங்கல்லாம் எத்தனை மூட்டை கொண்டாந்திருப்பாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

சரி, மணி ஏழாகப் போகுது. கேள்வி இருக்கிறவங்க கேளுங்க. மாத்திரைச் சீட்டு எப்படி எழுதி வாங்குவது என்பதற்கு என்னிடம் ஒரு மாதிரித் தாள் இருக்கு, மேஜையில் வெச்சிருக்கேன், கைபேசியில் படம் எடுத்துக்கோங்க. விரல் மறைக்காம எடுங்க.